கிழித்த தாள்

கடலூரை அடுத்த குடிகாடு பக்கம் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அட்டையில் ஏதோ ஓர் ஆலையின் பெயர், அதன் கீழே ராகுகாலம், எமகண்டம், குளிகை. இன்னும் கீழே பொடி எழுத்தில் அன்றைய விசேஷம். டிசம்பர் 3ஆம் தேதித் தாளில் ராஜேந்திர பிரசாத் பிறந்த நாள், மாற்றுத்திறனாளிகள் நாள் என்று இரண்டே வரி. கடைக்காரர் அதைக் கிழித்து, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி, கல்லாவில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தாளில் இல்லாததும் உண்டு. 1967இல் அதே தேதியில் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒருவர் இதயத்தை எடுத்து இன்னொருவர் நெஞ்சில் வைத்தார். 17 வருடம் கழித்து அதே தேதியில் போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டிக் கசியத் தொடங்கிய சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட், 3 விடிவதற்குள் ஊரைச் சாய்த்துவிட்டது. அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 2,259. ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. ஊர் தூங்கும் நேரம். நள்ளிரவைத் தாண்டிய சாவு என்பதால் அதற்குத் தேதியும் இரண்டு. தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாள் 2இல், திதி 3இல்.

மாற்றுத்திறனாளிகள் நாளுக்கும் போபாலுக்கும் தொடர்பில்லை. 1982இல் அதே தேதியில் ஐ.நா. ஏற்ற செயல்திட்டத்தை ஒட்டி 1992இல் அறிவித்த நாள் அது. ஆனால் போபாலில் ஊனத்தோடு பிறந்த பிள்ளையின் தாய்க்கு இரண்டும் ஒரே நாளில் வருகின்றன. காலண்டர் போடுகிறவர் ஒன்றை மட்டும் அச்சடிக்கிறார்.

கடலூர்–சிதம்பரம் சாலையோரம், உப்பனாற்றை ஒட்டி, சிப்காட் ரசாயனப் பேட்டை வந்ததும் அந்த 1984இல்தான். இதில் சோதிடம் பார்க்க நாம் தயாரில்லை. ஒரே தேதி, ஒரே வருடம் என்பதெல்லாம் பெரும்பாலும் எண் விளையாட்டு.

ஆனால் 2020 மே 7ஐ அப்படித் தள்ள முடியவில்லை. தாகூர் பிறந்த தேதி அது. அன்று விடிவதற்கு முன், பொதுமுடக்கத்தில் சும்மா கிடந்த தொட்டியில் ஸ்டைரீன் சூடேறி விசாகப்பட்டினத்தில் 12 பேரைக் கொன்றது. அன்றே நம் மாவட்டத்து நெய்வேலியில், இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து 8 பேர் வெந்தார்கள். சத்தீஸ்கரின் ராய்கரில் காகித ஆலைத் தொட்டியைக் கழுவப் போனவர்கள் வாயு தாக்கி விழுந்த செய்தி வெளியே தெரிந்ததும் அன்றுதான். மூன்று ஊர், ஒரு தாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1இல் நெய்வேலியின் அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்றைக்கே 6 பேர் போனார்கள். அடுத்த வருடம் மே 13இல் சிப்காட்டில் 4 பேர்.

இவற்றுக்கெல்லாம் தேதி கிடைத்துவிட்டது, ஏனென்றால் சத்தம் கேட்டது. சத்தமில்லாமல் இரவு ஷிப்ட்டில் வருகிற வாடைக்குத் தேதி யார் கொடுப்பது?

இந்த ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றிய கிராமத்தார் சிலர் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு குறிக்கத் தொடங்கினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, என்ன நாற்றம். ரசாயனப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்தவரை எழுதினார்கள்: அழுகின முட்டை, நகப் பாலிஷ், ஆஸ்பத்திரி, பிணவாடை. பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 வகை நச்சு வேதிப்பொருட்கள் இருப்பதாக முடிவு வந்தது. இந்த மாவட்டத்தில் எழுதப்பட்ட நல்ல உரைநடை எது என்று நம்மைக் கேட்டால், அந்த நோட்டுகளைத்தான் முதலில் சொல்வோம். எந்த இலக்கியப் பரிசுக் குழுவும் இதை ஒப்புக்கொள்ளாது என்பதும் தெரியும்.

'வரலாற்றில் இன்று' என்று ஒரு பக்கம் போடச் சொல்லி வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த இதழிலிருந்து போடுகிறோம். தலைவர்கள் பிறந்ததையும் போர் மூண்டதையும் காலண்டரே சொல்லிவிடுவதால் அவை இதில் வராது; வாடைகள்தான் வரும். ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், முதுநகர் என்று எங்கிருந்தாலும் ஒரு தபால் அட்டை போதும். பெயர் போட வேண்டாம். நாளும் மணியும் நாற்றமும் எழுதுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.