ஏணியின் முதற்படி

விழா மலர் என்றால் வாழ்த்தும் வரலாறும் எழுதுவதே வழக்கம். அவ்வழக்கைச் சற்றே மீறி, நம் தோட்டத்து இளைஞர் பற்றிய குறையொன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். பழைய மாணவரும் பயிலும் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் ஏடு இதுவேயாதலின் அன்பர்கள் பொறுத்தருள்க.

2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாளை நம் சப்பிரகமுவ மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மண்ணுள் மறைந்தனர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயன்கள் புதையுண்டன. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2025 நவம்பரில் வந்த ‘டித்வா’ புயலில் இத்தீவு முழுவதிலும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர், மலைநாடே பெருந்துயருற்றது. இத்தகைய வேளைகளிலெல்லாம் முதலில் ஓடி வருபவர் யார்? இராணுவமும் அதிகாரிகளும் பின்னர் வருகின்றனர். முதலில் மண்ணைக் கையால் தோண்டுபவன் பக்கத்து லயத்து இளைஞன்.

தீயணைப்புப் படை நகரங்களில் உள்ளது. அதனை நடத்துவது மாநகர சபையோ நகர சபையோ ஆகும். கொங்கிறீற்று இடாத தோட்டத்து வளைவுப் பாதையில் அதன் வண்டி ஏறி வருவதற்குள் லயத்தின் கூரை முழுவதும் எரிந்து முடிந்திருக்கும். பழைய லயன்களில் அறைக்கு அறை சுவர் உண்டு. ஆனால் பல இடங்களில் அச்சுவர் கூரைமட்டும் எழும்புவதில்லை. ஆதலின் ஓர் அறையிற் பற்றிய தீ உத்தரங்களின் வழியே பத்து அறைகளுக்கும் பரவுகின்றது. பிரதேச சபைகளோவெனின், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தோட்டங்களுக்குள் தம் நிதியைச் செலவிட நெடுங்காலம் இடர்ப்பட்டன. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அவ்வாயில் திறந்தது. திறந்த வாயிலுக்குள் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைத் தோட்டத்தார் அறிவர்.

ஆகவே தொண்டர் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவரை எவ்வாறு ஆக்குவது என்பதிலேயே என் வழக்கு.

என்னிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் மீட்புப் பயிற்சி என்று அவனையும் வேறு பல இளைஞரையும் ஒரு நாள் அழைத்துச் சென்றார்கள். திரும்பியவனிடம் என்ன கற்றாய் என்று வினவினேன். “ஏணி பிடிக்கச் சொன்னாங்க சேர். பிறகு படம் எடுத்தாங்க. சொன்னது எல்லாம் சிங்களத்தில், பாதி விளங்கல்ல” என்றான். சான்றிதழ் மட்டும் அழகாயிருந்தது. அவன் தாயார் அதனைக் கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டினார். அதன்பின் அவனை எவரும் அழைக்கவில்லை. இரண்டாம் பயிற்சி இல்லை. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பிழைப்புக்காகக் கொழும்பிற் கடைக்குச் சென்றுவிட்டான்.

நான் பயிற்றப்பட்ட ஆசிரியன். கலாசாலையில் இரண்டாண்டு கற்று, பிறர் முன்னிலையில் பாடம் நடத்தி, திருத்தப்பட்டு, மீண்டும் நடத்திய பின்னரே அச்சொல் என் பெயரோடு சேர்ந்தது. ஒரு நாட் பயிற்சியால் ஆசிரியன் உருவாகான் என்று ஒப்பும் நாம், உயிர் காப்பவன் மட்டும் அவ்வாறு உருவாவான் என எண்ணுவது விந்தையே.

இத்தொழிலில் ஆர்வம் மட்டும் இருப்பின் அது கொல்லவும் கூடும். பாரமான தூணின்கீழ் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரைத் திடீரென இழுத்தெடுத்தால், நைந்த தசையிலிருந்து வெளிப்படும் நஞ்சு குருதியிற் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். சரிந்த மலை மீண்டும் சரியும். எனவே தோண்டுவோருக்குப் பின்னே ஒருவன் மேட்டையே பார்த்துக்கொண்டு நிற்றல் வேண்டும். புதைந்தவரின் முனகலைக் கேட்கக் கூட்டம் முழுவதையும் சில நிமிடம் வாய்மூடி நிற்கச் செய்தல் வேண்டும். அழுகையும் கூச்சலும் நிறைந்த இடத்தில் இதைச் செய்விப்பது எளிதன்று. அதற்குப் பழக்கமும், ஊரார் மதிக்கும் பதவியும் தேவை.

மழையை அளத்தலும் இவ்வாறே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால் வெளியேறுக என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. இதனை நள்ளிரவில் அளந்து, லயம் லயமாகக் கதவைத் தட்டி, தமிழிற் சொல்ல ஓர் இளைஞன் வேண்டும். ‘இவன் யார் சொல்வதற்கு?’ என்று பெரியவர்கள் கேளாதிருக்க, அவன் தோளில் ஒரு பட்டையேனும் இருத்தல் வேண்டும்.

சிலி நாட்டில் தீயணைப்போர் தொண்டர்களே; 1851இல் வல்பரைசோ துறைமுகத்தில் தொடங்கிய மரபு அது. யப்பானிலும் ஊர்தோறும் தொண்டர் படை உண்டு; உறுப்பினனாகச் சேர்பவன் குழுத்தலைவனாகி, படிப்படியாகப் படைத்தலைவனாகவும் உயரலாம். நம் இளைஞனுக்கோ முதற்படியோடு ஏணி முடிகின்றது.

தொண்டரைக் காட்டிச் சம்பளப் படையைக் குறைத்துவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அஞ்சத்தக்கதே. அதனாலேயே தொண்டனுக்குக் காப்புறுதி எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், தீயணைப்புப் படைக்கு ஆள் சேர்க்கும்போது அவன் தொண்டுக் காலம் தகுதியாக எண்ணப்படுதல் வேண்டும் என்றும் சபைகளை நாம் வற்புறுத்த வேண்டும். மலையேறத் தெரிந்தவனும் இருமொழி பேசுபவனும் அப்படைக்குச் சுமையாகான்.

அரசு செய்யுமுன் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் பழைய மாணவருள் வைத்தியர், பொறியியலாளர், பொலிஸ் உத்தியோகத்தர் இருக்கின்றனர். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களுள் ஒருவர் கல்லூரி மைதானத்திற்கு வந்து தமிழில் கற்பித்தால், ஓராண்டில் பன்னிரண்டு பாடங்கள் ஆகும். கயிறு, தலைக்கவசம், மழைமானி ஆகியவற்றைச் சங்கம் வாங்கித் தரலாம். விழாப் பந்தற் செலவில் ஒரு பகுதி போதும் என்று சொன்னால் செயலாளர் என்னைச் சினவாதிருப்பாராக. யார் எந்தப் பாடம் முடித்தார் என்னும் பதிவேட்டை நான் எழுதுவேன்.

அப்பதிவேட்டின் முதற் பக்கத்தில் ஒரு பெயர் ஏற்கெனவே உள்ளது. கொழும்புக் கடையில் அந்தச் சனிக்கிழமைக்கு விடுமுறை கேட்டிருப்பதாகச் சென்ற வாரம் அவன் தொலைபேசியில் கூறினான்.