கொட்டகையில் தூங்கிய வேன்!

ஜெர்மனியில் ஒரு கிராமம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பெரியவர் காலமாகி விட்டார். அவருடைய மகனும் மகளும் வீட்டை ஒழித்துக் கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் ஒரு கொட்டகை. அதைத் திறந்து பல வருஷம் ஆகிறது. பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளுகிறார்கள்.

உள்ளே ஒரே தூசி. ஒட்டடை. பழைய சாக்குகள். நடுவே ஒரு வேன்!

டயர்களில் காற்று இல்லை. வேன் தரையோடு அமுங்கி நிற்கிறது. ஆனால் ஜன்னல்களில் கட்டம் போட்ட திரை அப்படியே தொங்குகிறது. உள்ளே ஒரு சின்ன மேஜை. ஒரு பலகை அலமாரி. மகள் அலமாரியைத் திறக்கிறாள். கதவின் உட்புறம் பென்சில் கோடுகள். ஒரு கோட்டுக்கு மேல் ஒரு கோடு. பக்கத்தில் வருஷங்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அப்பா பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் குறித்த கோடுகள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதைப் போன்ற சம்பவங்கள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்து கொண்டே இருக்கின்றன. பல வருஷம் பூட்டிக் கிடந்த வேன்கள் வெளியே வருகின்றன.

வந்த பிறகு அவை என்ன ஆகின்றன? அதுதான் கேள்வி.

"விற்று விடலாம்" என்பார் ஒருவர். "சுரண்டி, பெயிண்டு அடித்து, பளபளவென்று புதுசாக்கி விடலாம்" என்பார் இன்னொருவர்.

நான் சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள். முதலில் கொட்டகைக் கதவை நன்றாகத் திறந்து வையுங்கள். காற்று வரட்டும். பிறகு கையைக் கட்டிக் கொண்டு ஒரு நாள் சும்மா நில்லுங்கள்!

வண்டியும் அதுதான், வீடும் அதுதான்

இது என்ன வேன்? நம் ஊரில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்கச் சாதாரண வேன் மாதிரி இருக்கும். உள்ளே போனால் சிறிய வீடு. இருக்கையை மடக்கினால் படுக்கை. மேஜை உண்டு. அடுப்பு உண்டு. தண்ணீர்ப் பாத்திரம் உண்டு. சில வேன்களில் கூரையைத் தூக்கி நிறுத்தலாம். துணிக் கூடாரம் போல மேலே இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஓட்டலுக்குச் செலவழிக்க முடியாத குடும்பம்கூட, இதில் ஏறி ஊர் ஊராகப் போய் வரலாம். "கேம்பர் வேன்" என்று இதற்குப் பெயர்.

இதில் உலகப் புகழ் பெற்றது வோக்ஸ்வேகன் வேன்.

அது பிறந்த கதை ருசியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரில் வோக்ஸ்வேகன் தொழிற்சாலை இருந்தது. பென் பான் என்ற டச்சுக்கார வியாபாரி அங்கே கார் வாங்கப் போனார். தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிச் செல்லும் ஒரு தட்டு வண்டியைப் பார்த்தார். கார் பாகங்களைக் கொண்டு தொழிலாளர்களே செய்த வண்டி அது.

பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ந் தேதி தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தார். முன்னால் டிரைவர். பின்னால் எஞ்சின். நடுவில் சாமான். அவ்வளவுதான் படம்! ஒரு ரொட்டித் துண்டுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும்.

1950 மார்ச் மாதம் அந்த வேன் தயாராகத் தொடங்கியது. எஞ்சினுக்கு 25 குதிரை சக்தி. அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டாம். காற்றே போதும்.

அடுத்த வருஷம், 1951ல், வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதில் ஒரு புதுமை செய்தது. அது 1844ல் தொடங்கிய கம்பெனி. ஆதியில் குதிரை வண்டி செய்தவர்கள். அவர்கள் படுக்கை, மேஜை, அலமாரி எல்லாவற்றையும் வேனுக்குள் வைத்து எடுக்கும்படி செய்தார்கள். வாரம் முழுவதும் வேனில் வியாபாரச் சாமான் போகும். ஞாயிற்றுக்கிழமை சாமானை இறக்கி விட்டுப் படுக்கையை ஏற்றினால், குடும்பம் போகும்!

பிறகு இந்த வேன் பல உருவம் மாறியது. ஜெர்மனியில் நின்று போன பிறகும், பிரேசில் நாட்டில் 2013 டிசம்பர் வரை அதன் பழைய வடிவம் தயாராகிக் கொண்டிருந்தது.

விலையைக் கேட்டால் மயக்கம் வரும்

பழைய வேன்களுக்கு இன்று நல்ல கிராக்கி. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஓர் ஏலம் நடந்தது. 1963ல் செய்த, 23 ஜன்னல் உள்ள ஒரு வோக்ஸ்வேகன் வேன் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 2 லட்சத்து 17 ஆயிரத்து 800 டாலர்!

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கொட்டகையில் வேன் கிடைத்தவருக்கு இந்தச் செய்தி எட்டி விடுகிறது. உடனே டிங்கரிங், பட்டி, பெயிண்டு என்று இறங்கி விடுகிறார். பழைய மெத்தையைத் தூக்கி எறிகிறார். திரைச்சீலையைக் குப்பையில் போடுகிறார். அலமாரியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்.

இரண்டு நிமிஷம் தேய்த்தால் போதும். அந்தப் பென்சில் கோடுகள் போய் விடும். பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பி வருமா?

பெயிண்டை மறுபடி வாங்கலாம். பலகையை மறுபடி வாங்கலாம். அப்பா போட்ட கோட்டை எந்தக் கடையில் வாங்குவது?

நம் வீட்டிலும் இது உண்டு. தாத்தாவின் கல்யாணப் போட்டோ சுவரில் தொங்குகிறது. மங்கி விட்டது. அதற்காக அதன் மேல் வர்ணம் பூசுவோமா? கண்ணாடியைத் துடைப்போம். கரையான் வராமல் பார்ப்போம். பழைய வேனுக்கும் அதே நியாயம்தான்.

முதல் நாள் சாவி போடாதீர்கள்!

காப்பாற்றுவது எப்படி? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில் போட்டோ எடுங்கள். எந்தச் சாமான் எங்கே இருந்தது என்பது அதில் தெரிய வேண்டும். பல வோக்ஸ்வேகன் வேன்களில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் எண்கள் பொறித்திருக்கும். வேன் எந்த நிறத்தில் பிறந்தது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதை எல்லாம் அந்த எண்களைக் கொண்டே அறியலாம். அது வேனின் ஜாதகம். அதைத் தொலைத்து விடாதீர்கள்.

எலி குடியிருந்திருக்கும். புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது. தூசி மூக்கில் ஏறினால் நோய் வரும். மூக்கையும் வாயையும் மூடிக் கொண்டு, முதலில் மருந்து கலந்த தண்ணீர் தெளித்து, பிறகு துடைத்து எடுக்க வேண்டும்.

அடுத்தது, மிக முக்கியம். "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று உடனே எஞ்சினைக் கிளப்பக் கூடாது! பல வருஷம் நின்ற எஞ்சினுக்குள் எண்ணெய் வறண்டிருக்கும். துரு பிடித்திருக்கும். ஒரே சுற்றில் உள்ளே கீறிப் போகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊற விட வேண்டும். பிறகு கையால் மெள்ளச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலை இறக்கி விட வேண்டும். பழைய பெட்ரோல் கெட்டுப் போய்ப் பிசின் போல ஆகி விடும். அது கார்ப்பரேட்டரை அடைத்து விடும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

"அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா?" என்று கேட்பீர்கள்.

உயிருக்கு ஆபத்தானதை மாற்றத்தான் வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது.

பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை மாற்றுங்கள். பழைய ரப்பர் வெடித்துப் போகும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். நன்றாக இருந்த வேன்கள் இந்த ஒரு குழாயினால் எரிந்து போயிருக்கின்றன.

பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் உள்ளே துரு ஏறிப் பிரேக் இறுகி விடும். டயர்களையும் மாற்றுங்கள். பார்க்கப் புதுசு போல இருந்தாலும் பல வருஷத்து ரப்பரை நம்பக் கூடாது. சமையல் காஸ் குழாயும் அப்படியே. எலி கடித்த ஒயரையும் விடக் கூடாது.

தளத்துத் தகடு உளுத்து விட்டதா? வெட்டி வெல்டிங் செய்யத்தான் வேண்டும். குழந்தைகள் ஏறும் வண்டி அல்லவா? ஆனால் உளுத்த இடத்தை மட்டும் வெட்டுங்கள். ஒரு பல் சொத்தை என்றால் எல்லாப் பல்லையும் பிடுங்குவோமா?

பெயிண்டு, திரை, அலமாரி, மேஜை, மெத்தைத் துணி, ஸ்டியரிங்கில் கை பட்டுத் தேய்ந்த இடம்: இவற்றைத் தொடாதீர்கள். துடைத்தால் போதும். கிழிந்ததைத் தைத்தால் போதும். கழற்றிய பாகங்களை எறியாமல், சீட்டு எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

அரசாங்கமே ஒப்புக் கொண்ட விஷயம்

இது என் ஒருவனுடைய பிடிவாதம் அல்ல. 1966 முதல் பழைய வாகனங்களுக்காக 'ஃபீவா' என்ற உலகச் சங்கம் இருக்கிறது. டூரின் சாசனம் என்று அது ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: பழையதை முடிந்தவரை காப்பாற்று. மாற்றியதை எழுதி வை.

ஜெர்மனி அரசாங்கம் 1997 முதல் பழைய வாகனங்களுக்கு ஒரு தனி நம்பர் பலகை கொடுக்கிறது. 30 வருஷமாவது ஆன வண்டியாக இருக்க வேண்டும். ஆதி உருவம் மாறாமல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பரிசோதகர் சொல்ல வேண்டும். அப்போதுதான் கிடைக்கும். இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு மோட்டார் வரி கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1962ல் நோபல் பரிசு வாங்கியவர். 1960ல் அவர் ஒரு லாரியின் மேல் சிறிய வீடு கட்டிக் கொண்டு, சார்லி என்ற நாயையும் ஏற்றிக் கொண்டு, அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அந்த வண்டி இன்று அவருடைய சொந்த ஊரான சலினாஸ் நகரில், அவர் பெயரால் உள்ள மண்டபத்தில் நிற்கிறது. ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். அதே மாதிரி புது வண்டி ஒன்று செய்து நிறுத்தினால் யார் போய்ப் பார்ப்பார்கள்? அவர் உட்கார்ந்து பிரயாணம் செய்த வண்டி என்பதால்தானே அதற்கு மதிப்பு!

"பார்ப்பவர்கள் சிரிப்பார்களே?"

"துருவும் கீறலுமாக வண்டி நின்றால் நாலு பேர் சிரிப்பார்களே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. புதுசு போல மின்ன வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. முழுவதும் உளுத்துப் போன வேனை எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் நல்ல காரியம்தான் செய்கிறார்கள். இல்லாவிட்டால் அது இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ஆனால் கொட்டகையில் முழுசாகக் கிடைத்த வேன் வேறு. அதைப் புதுசாக்கினால், உலகத்தில் இன்னொரு பளபளப்பான வேன் கூடும். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின் வேன் ஒன்று குறைந்து விடும்.

இன்னொரு விஷயம். காப்பாற்றுவது என்றால் மறுபடி பூட்டி வைப்பது அல்ல. இந்த வேன் கெட்டது ஓடியதால் அல்ல, ஓடாமல் நின்றதால்! ஈரம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வேர்த்துத் துரு ஏறும். காற்றுப் போகும் துணியால் மூடுங்கள். எல்லாம் சரி பார்த்த பிறகு, அவ்வப்போது குடும்பத்தோடு ஏறி நாலு மைல் போய் வாருங்கள்.

போகும்போது அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். "இந்தக் கீறல் எப்படி வந்தது? இந்தத் திரையை யார் தைத்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கொட்டகையில் வேன் இத்தனை வருஷம் காத்திருந்தது. அம்மாவின் ஞாபகம் அப்படிக் காத்திருக்காது.

பென் பான் வரைந்த அந்தப் படம் என்ன ஆனது தெரியுமா? ஆம்ஸ்டர்டாம் நகரில், ஹாலந்தின் பெரிய அருங்காட்சியகமான ரைக்ஸ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள்! கோடு கோணலாக இருக்கிறதே என்று யாரும் அதை அழித்துத் திருத்தவில்லை.

ஒரு வியாபாரி போட்ட கோட்டுக்கு ஒரு தேசம் அவ்வளவு மரியாதை செய்கிறது. அலமாரிக் கதவில் அப்பா போட்ட கோட்டுக்கு, பிள்ளைகள் அதே மரியாதை செய்ய வேண்டாமா?

உப்புத்தாளைக் கீழே வையுங்கள்!