பந்தைப் பறித்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையை உயர்தரத்துக்கு அனுப்ப வேண்டுமா?

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஏச விரும்புகிறவர்கள் ஏசலாம். ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

நான் ஓட்டமாவடிப் பக்கம் இருந்து தினமும் பஸ்ஸில் பனிச்சங்கேணிக்கு வந்து படிப்பிக்கிற ஒரு டீச்சர். என்னிடம் படித்த ஒரு பிள்ளை உதைபந்தாட்டத்தில் கெட்டிக்காரி. இடது காலால் அவள் அடிக்கிற பந்தைப் பிடிக்க ஆம்பிளைப் பிள்ளைகளே பயப்படுவார்கள். சாதாரண தரத்திலும் நல்ல பெறுபேறு. போன கிழமை அவளின் அம்மா வந்து சொன்னா: “டீச்சர், பந்து விளையாடினது காணும். இனி உயர்தரம் படிக்கட்டும். கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்துல போட்டா சரி.”

அதே கிழமை எங்கள் ஊரில் ஒரு வாப்பாவும் தன் மகளைப் பற்றி இதையே சொன்னார். சொல்லுக்குச் சொல் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் வேறு எதில் ஒற்றுமையோ இல்லையோ, பொம்பிளைப் பிள்ளையின் காலில் இருந்து பந்தை எடுப்பதில் நல்ல ஒற்றுமை!

முதலில் படிப்புக் கதைக்கு வருகிறேன். மகன் உயர்தரம் படிக்கிற காலத்தில் பின்னேரம் கிரிக்கெட் விளையாடினால் “மூளைக்கு ஓய்வு வேணும்” என்கிறோம். மகள் விளையாடினால் மட்டும் படிப்புக் கெட்டுவிடுமா? நான் உயர்தரத்துக்குப் போன அன்று என்னிடம் இருந்த வலைப்பந்துச் சீருடையைத் திருப்பி வாங்கினார்கள். அது எந்தப் பாடசாலை என்று சொல்ல மாட்டேன். நான் சித்தியடைந்தேன், பட்டமும் எடுத்தேன். ஆனால் விளையாடாமல் மிச்சம் பிடித்த அந்த நேரத்தால் எனக்கு ஒரு புள்ளியும் கூடவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துச் சத்தம் கேட்டுக்கொண்டு வகுப்பில் இருந்ததுதான் மிச்சம்.

அடுத்தது உடுப்பு. “ஹிஜாபோட எப்படி விளையாடுற?” என்று கேட்கிற என் சமூகத்தவர்களே, தலையை மூடி விளையாட ஃபிஃபா 2014ஆம் ஆண்டே அனுமதி கொடுத்துவிட்டது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு இறங்கினார். அந்தப் போட்டியில் தென்கொரியாவை 1–0 என்று மொரோக்கோ வென்றது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகளின் சப்பாத்தை ஒளித்து வைக்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆண் பயிற்றுவிப்பாளர், இருட்டுப்பட்ட பிறகு பிரயாணம், மைதானத்து வேலிக்கு வெளியே நின்று கதை பேசுகிற கூட்டம். இந்தப் பயம் நியாயமானது. அதற்கு மருந்து, பெண் பொறுப்பாசிரியரைக் கேட்பதும் நேரத்தோடு பயிற்சியை முடிக்கச் சொல்வதும்தான். பிள்ளையை நிறுத்துவது மருந்து இல்லை.

இனி மற்றப் பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும். “தேசிய அணி, வெளிநாடு” என்று பிள்ளைக்கு ஆசை காட்டுகிறவர்களே! கிண்ணம் எடுக்கும் வரைக்கும் அவள் வேண்டும், சோதனைக்கு யார் படிப்பித்தது? இந்த நாட்டில் ஒரு பெண் உதைபந்தாட்டத்தில் உழைத்துக் குடும்பம் நடத்த முடியாது. விளையாட்டை வைத்துச் சம்பளம் எடுக்கிற வீராங்கனைகளில் அதிகம் பேர் முப்படை அணிகளில் இருக்கிறார்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் சரிவராது. முழங்காலில் ஒரு தசைநார் அறுந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே பந்து மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை.

நான் சொல்வது பாடசாலையைத் தெரிவு செய்வது பற்றி.

அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. டைட்டில் நைன் என்பார்கள். அரச பணம் வாங்குகிற கல்வி நிறுவனங்கள் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு அணிகளும் புலமைப்பரிசில்களும் பெருகின. அங்கே ஒரு பிள்ளை பயிற்றுவிப்பாளரையும் பார்த்து, பாடநெறியையும் பார்த்து, 18 வயதில் தன் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்கிறாள். இங்கே பல்கலைக்கழகத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. நமது பிள்ளைக்கு உண்மையான தெரிவு இருப்பது உயர்தரப் பாடசாலையில்தான். அந்தத் தெரிவைத்தான் நாம் “கிட்ட இருக்கு” என்ற ஒரே காரணத்தோடு, அவளிடம் கேட்காமலே முடித்து விடுகிறோம்.

ஆகவே விண்ணப்பப் படிவம் நிரப்ப முதல் அந்தப் பாடசாலைக்கு ஒருதரம் போங்கள். இவற்றைக் கேளுங்கள்.

அவள் எடுக்கப் போகிற மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? கல்குடா வலயத்தில் இந்தக் கேள்வியின் அருமை நமக்குத் தெரியும்.

பெண்கள் அணி உண்மையில் பயிற்சி எடுக்கிறதா, வலயப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முதல் மட்டும் 11 பேரைச் சேர்க்கிறார்களா? உயர்தர மாணவிகளையும் விளையாட விடுவார்களா?

விடுதி உண்டா? பொறுப்பு யார்? பயிற்சி முடிந்தால் கடைசி பஸ் பிடிபடுமா?

வேறு மாவட்டத்துக்கு அனுப்ப யோசித்தால் இன்னும் கவனம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. அவள் உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்தில் படித்தாள் என்பதையும் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அதே கைநூலில், விளையாட்டு முதலியவற்றில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கான விசேட அனுமதி என்று ஒரு பகுதி உண்டு. இடங்கள் சொற்பம். உயர்தரத்தில் சித்தியும் வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானம் என்று பட்டப்படிப்பே இருக்கிறது. ஆகவே பிள்ளையின் சான்றிதழ்களைப் பெறுபேற்றுத் தாளோடு ஒரே ஃபைலில் வையுங்கள். எங்கள் பிள்ளைகளின் மாகாண மட்டச் சான்றிதழ்கள் அலுமாரிக்கு மேல் கறையான் தின்கின்றன.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி யுத்தம் கண்ட மண்ணில் இருந்துதான் பெண்கள் உதைபந்தாட்டத்தில் நாடு முழுக்கப் பேர் எடுத்தது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு விளையாடியவர், தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராகவும் ஆனவர். ஆப்கானிஸ்தானில் தகப்பனைத் தலிபானிடம் பறிகொடுத்து அகதியாக டென்மார்க் போன நாதியா நதீம், அந்த நாட்டுத் தேசிய அணிக்கு விளையாடிக்கொண்டே மருத்துவம் படித்து 2022இல் டொக்டர் ஆனார். சுனாமியும் இடம்பெயர்வும் கண்ட வாகரைப் பிள்ளைக்கு மட்டும் இரண்டில் ஒன்றுதான் என்று யார் சட்டம் போட்டது?

அந்தப் பிள்ளை போன வெள்ளிக்கிழமை பாடசாலைப் பந்தை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். கழுவித் துடைத்திருந்தாள். ஒன்றும் கதைக்கவில்லை. நான் அதை ஸ்டோர் றூமில் வைக்கவில்லை, என் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது.

அவளின் அம்மாவிடம் நான் கேட்பது ஒன்றுதான். திங்கட்கிழமை வாங்க. இரண்டு பாடசாலைகளுக்கு நானும் உங்களோடு வருகிறேன், கேள்விகளை நான் கேட்கிறேன். பதிலைக் கேட்ட பிறகு, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மற்ற உம்மாமார், அம்மாமாருக்கும் இதே அழைப்புத்தான். அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் நல்லதை நாடுவானாக.