உளுந்தின் மஞ்சள் தேமலும் வைரஸின் உயிர்நிலையும்

உளுந்து மஞ்சளித்தவுடன் அதற்கு மருந்து யாது என வினவுவதே பாடாலூர்ப் பகுதிக் குடியானவர்களின் வழக்கம். மருந்தைத் தராமல் வைரஸின் ஜீன்களை ஆராய்ந்து கொண்டிருப்பது வீண் செலவு என்பாரும் உளர். அக்கூற்று ஒப்பத்தக்கதன்று.

பூஞ்சணம் தனக்கென உடல் உடையது. அதை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. வைரஸோ பயிரின் கருவிகளையே இரவல் பெற்றுப் பெருகுவது. அக்கருவிகளைக் கெடுக்கும் மருந்து பயிரையும் கெடுக்கும். ஆகையால், வைரஸுக்கே சொந்தமாய், அதன் பெருக்கத்திற்கு இன்றியமையாததாய் உள்ள ஜீன் எது என்று அறிதலே பரிகாரத்தின் முதற்படியாம்.

மஞ்சள் தேமல் வைரஸின் ஜீன்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இதன் இனத்ததான தக்காளிப் பொன்தேமல் வைரஸின் ஜீன்களை 1980-களில் ஒவ்வொன்றாகக் கெடுத்துச் சோதித்தனர். 'ரெப்' என்னும் ஜீன் கெட்டபோது பெருக்கமே நின்றது. வேறொன்று கெட்டபோது பெருக்கம் குறைந்ததேயன்றி நிற்கவில்லை. மேலுறையை உண்டாக்கும் ஜீன் கெட்டபோதும் வைரஸ் பெருகிற்று. ஆயினும், வெள்ளை ஈ இவ்வின வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து செல்ல அம்மேலுறை வேண்டும்.

உளுந்து வைரஸின் ரெப் ஜீனைப் புகையிலைச் செடியிற் புகுத்தியபோது அவ்வைரஸின் பெருக்கம் தடைப்பட்டதென மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 2006-ல் வெளியிட்டனர். இது சோதனைச்சாலைப் பலனேயன்றி வயலுக்குரிய விதையன்று. எனினும், அடிக்க வேண்டிய இடம் இன்னதென்று காட்டிய வேலையை வீண் என்பது எங்ஙனம்?

செடிக்குள் ரெப்பைத் தடுக்கும் கருவி குடியானவர் கையில் இல்லை. செடிக்கு வெளியே வைரஸுக்கு இன்றியமையாத வெள்ளை ஈயின் வழியை அடைப்பதோ நம்மால் ஆகும். நோய் தாங்கும் வம்பன் 8 போன்ற விதையை விதைத்தல், மஞ்சளித்த செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழித்தல், வரப்புக் களைகளையும் தான்தோன்றிப் பயறுச் செடிகளையும் நீக்குதல் ஆகியவை அவ்வழிகள்.

ஒருவர் வயலைச் சுத்தம் செய்து, அண்டை வயலார் வாளாவிருந்தால் பயனில்லை. ஈ பட்டா எல்லை அறியாது. ஆதலின் கிராம அதிகாரிகள் விதைப்புக்கு முன்னரே பட்டாதாரர்களைக் கூட்டி, புறம்போக்குக் களைகளையும் ஒருசேர அகற்ற ஏற்பாடு செய்தல் வேண்டும். ஆராய்ச்சி தன் வேலையைச் செய்கின்றது. ஊரும் தன் வேலையைச் செய்யட்டும்.