விழுந்த கணினியும் பயந்த பிள்ளையும்



பள்ளிக் கணினி அறையிலும் வீட்டிலும் என்றேனும் நடக்கக்கூடிய ஒன்று இது. மாணவர் ஒருவரின் கால் மின்கம்பியில் இடறுகிறது. மேசைக் கணினி தரையில் விழுகிறது. உடனே பெரியவர்கள் பலர் இரண்டு செயல்களைச் செய்கின்றனர். ஒன்று, பிள்ளையைத் திட்டுதல். மற்றொன்று, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று கணினியை மீண்டும் முடுக்குதல். இரண்டும் தவறு என்பதே என் கருத்து.

முதலில் கணினியைப் பார்ப்போம். வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலக்கூடியது. அதன் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்தால் முனை தட்டில் உரசிவிடலாம். மீண்டும் மீண்டும் முடுக்கினால் சிறு கீறலும் பெருஞ்சேதமாகும். உள்ளே கழன்று கிடக்கும் ஒரு திருகாணி தாய்ப்பலகையையே கருக்கிவிடக்கூடும்.

ஆகவே, மாணவர்களை விலக்கி, சுவரிலுள்ள விசையை அணைத்து, மின்செருகியைக் கழற்றுங்கள். நம் நாட்டு மின்சாரம் விளையாட்டுப் பொருளன்று. பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் பாருங்கள். நினைவகப் பலகை இடம் பெயர்ந்துள்ளதா? கம்பிகள் கழன்றுள்ளனவா? செயலியின் மேலுள்ள வெப்பநீக்கி ஆடுகிறதா? அது கனமானது, விழும் வேகத்தில் எளிதில் விலகும். மின்வழங்கி நசுங்கியிருந்தாலோ கருகிய வாடை வீசினாலோ அதைத் திறக்கவே கூடாது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே முடுக்குங்கள். 'டக் டக்' என்ற ஒலி கேட்டால் உடனே அணைத்து, தொழில்நுட்பரிடம் ஒப்படையுங்கள். கணினி இயல்பாக இயங்கினாலும், முதல் வேலை கோப்புகளை வேறொரு வட்டிலோ விரலியிலோ படியெடுப்பதே. சோதனைகளெல்லாம் பிறகுதான். திடநிலை வட்டில் சுழலும் பகுதி இல்லாததால் அது அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும் அதன் இணைப்பு முறிந்திருக்கலாம்.

இனி, பிள்ளைக்கு வருவோம். இடறிய மாணவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகள் கற்கும் பாடம் ஒன்றே: அடுத்த முறை விழுந்தால் சத்தமில்லாமல் தூக்கி வைத்துவிட வேண்டும்! அவ்வாறு மறைக்கப்பட்ட கணினியில்தான் மறுநாள் இன்னொரு பிள்ளை கைவைக்கும். பழுதான கணினியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு மாற்றிவிடலாம். பிள்ளையின் உண்மை பேசும் துணிவை எந்தச் சங்கத்தாலும் வாங்கித் தர இயலாது.

இத்தகைய நிகழ்வுக்குப் பின் கணினி அறையைப் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. கம்பிகளை நடைபாதையில் விடாமல் சுவரோரம் கட்டுவதும், கணினியை மேசை விளிம்பிலிருந்து உள்தள்ளி வைப்பதும், தேர்வுத்தாள்களையும் மதிப்பீட்டுப் பதிவுகளையும் வாரந்தோறும் படியெடுப்பதும் அதிகச் செலவில்லாத காப்புகள்.

'விழுந்தால் உடனே ஆசிரியரிடம் சொல். திட்டமாட்டோம்' என்ற ஒரு வரியைக் கணினி அறைக் கதவில் ஒட்டி வைப்போம். ஒட்டியபின் அந்த வாக்கைக் காப்பது நம் கடமை.

சிந்திப்போம், செயல்படுவோம்!