டிஸ்க்கை வாங்க மறுக்கும் கேம் பெட்டி! ரிப்பேருக்கும் பூட்டு போடலாமா?

தாம்பரம்: "மாமா, டிஸ்க் உள்ளே போக மாட்டேங்குது!"

போன மாதம் அக்கா மகன் இப்படித்தான் ஓடி வந்தான். டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி அது. டிஸ்க்கை வாயில் வைத்தால் பாதி போகிறது. 'கர்ர்' என்கிறது. உடனே வெளியே தள்ளி விடுகிறது.

குரோம்பேட்டையில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டிரைவ் போச்சு சார். புதுசு போடணும். ஏழாயிரம் ஆகும்" என்றார். அத்தானுக்கு முகம் தொங்கிப் போச்சு. அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். ஏழாயிரம் என்றால் வீட்டு வாடகைப் பணம்!

மேற்குத் தாம்பரத்தில் இன்னொரு மெக்கானிக். டேப் ரிக்கார்டர் காலத்து ஆள். பெட்டியைத் திறந்தார். டிஸ்க்கை இழுக்கும் ரப்பர் உருளையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக் கிடந்தது. பழைய டிஸ்க்கில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு! பிய்த்து எடுத்தார். உருளையைத் துடைத்தார். டிஸ்க் சமர்த்தாக உள்ளே போனது. கூலி 300 ரூபாய்.

ஏழாயிரம் எங்கே? முன்னூறு எங்கே?

விளையாட்டுச் சாமான்தானே?

அப்படி அலட்சியமாகச் சொல்லாதீர்கள். புது கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் என்று விற்கிறது. டிஸ்க்காக வாங்கினால் விளையாடி முடித்துவிட்டு விற்கலாம். நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம். இன்டர்நெட்டில் இறக்கிய கேமை அப்படி விற்க முடியாது. ஆக, சம்பளக்காரன் வீட்டுக்கு அந்த டிஸ்க் வாய்தான் லாபம்.

அந்த வாய்க்கு விலை என்ன தெரியுமா? 2021-ல் பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு வந்தது. டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய். டிஸ்க் வாய் இல்லாத பெட்டி 39,990 ரூபாய். வாய்க்கு மட்டும் பத்தாயிரம்!

முதலில் இதைப் பாருங்கள்

உங்கள் வீட்டுப் பெட்டி டிஸ்க்கை வாங்கவில்லையா? பதறாதீர்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் காசு, சீட்டு எதையாவது திணித்திருக்கலாம். பெட்டியை முழுவதும் அணைத்து, ஒயரைப் பிடுங்கி, சற்று நேரம் விட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் துடைத்து, அச்சடித்த பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பழைய டிஸ்க் வாங்கினால் அதில் ஒட்டிய சீட்டை முதலில் பிய்த்துவிடுங்கள்.

கத்தி, குண்டூசி விட்டு நோண்டாதீர்கள். அமுக்கித் தள்ளாதீர்கள். வாரன்டி இருந்தால் திறக்கவே வேண்டாம். நேரே கம்பெனி சர்வீசுக்குப் போங்கள்.

உள்ளே ஒரு தாலி!

வெளிக் கடையில் டிரைவையே மாற்றச் சொன்னால் உஷார். பிளேஸ்டேஷன் 4, 5 பெட்டிகள் பலவற்றில் டிரைவோடு ஒரு சர்க்யூட் போர்டு உண்டு. அது அந்தப் பெட்டியின் மெயின் போர்டுக்கு மட்டுமே தாலி கட்டியது. வேறு டிரைவை அப்படியே மாட்டினால் டிஸ்க்கைப் படிக்காது. பழைய போர்டைக் கழற்றிப் புது டிரைவில் வைக்க வேண்டும். விவரம் தெரியாதவர் அதைக் குப்பையில் போட்டால், உங்கள் பெட்டி டிஸ்க்குக்கு ஆகாமல் போய்விடும். ஆகவே கழற்றிய சாமான் எதுவானாலும் கேட்டு வாங்குங்கள். பில்லும் வாங்குங்கள்.

இந்தப் பூட்டு எதற்கு? திருட்டு டிஸ்க்கைத் தடுக்க என்கிறார்கள். திருட்டு கேஸ் எழுதிப் பிழைக்கிறவன் நான். திருட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. திருடனுக்குப் பூட்டு போடுங்கள், சரி. காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரனிடம் சாவி இருக்க வேண்டாமா?

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. 2021 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், கேம் பெட்டியின் டிஸ்க் டிரைவை ரிப்பேர் செய்வதற்காகப் பூட்டைத் தாண்டலாம் என்று விலக்கு கொடுத்தது. ஆனால் 2024-ல் ஒரிகன் மாநிலம் போட்ட ரிப்பேர் உரிமைச் சட்டத்தில், உதிரிப் பாகத்துக்குப் பூட்டு போடக் கூடாது என்றவர்கள், கேம் பெட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள்! பெரிய கம்பெனிகளின் கை அவ்வளவு நீளம்.

நம் ஊரில் என்ன?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை'க்கு ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்காக ஒரு இணையதளமும் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தளத்தைப் பார்த்தால் டிரைவ் ஓடுமா? சர்வீஸ் புத்தகமும் அசல் உதிரிப் பாகமும், போர்டை ஜோடி சேர்க்கும் வழியும் தெருமுனை மெக்கானிக் கைக்கு வர வேண்டும். அதைச் சட்டமாகவே போட வேண்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை.

அந்த 300 ரூபாய் மெக்கானிக்கிடம் இருந்தது ஒரு திருப்புளியும் பொறுமையும்தான். அவர் கையைக் கட்டிப் போட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல; நமக்கும்தான்.

பெட்டி நம்முடையது. சாவியும் நம்மிடம் வருமா? டெல்லி பதில் சொல்லட்டும்!