சத்தம் போடட்டுமே டேப்பெட்!

கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டி, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில் சரக்கு லாரிகளின் ராஜ்ஜியம். நடுவே எப்போதாவது ஒரு பழைய அம்பாசிடர் வந்தால், கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும்: 'டக், டக், டக்'. இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பை 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளின் ஆயுள், அந்தச் சத்தத்தை மெக்கானிக் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்தது. கீழே சுழலும் கேம் ஷாஃப்ட் டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடைத் தூக்கும். மேலே ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே 0.015 அங்குல இடைவெளி வேண்டும். எனவே லேசான சத்தம் இந்த இன்ஜினின் சுபாவம், நோய் அல்ல.

சத்தமே கூடாது என்று உரிமையாளர் அடம்பிடித்தால், சில பட்டறைகளில் இடைவெளியை இறுக்கிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். சத்தம் போடும் டேப்பெட்டைவிட மௌனமான டேப்பெட் மோசம்.

சத்தம் திடீரென்று அதிகரித்தால் முதலில் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பிறகு மேல் மூடியைக் கழற்றி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கலாம். எந்த இடத்தில் சத்தம் அடங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. ராக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் கேஜ் பொய் சொல்லும் என்பதையும் மறக்கக்கூடாது.

இடைவெளியைச் சரிசெய்ய 'ஒன்பது கணக்கு' உண்டு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வு. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது. கூட்டினால் எப்போதும் 9.

சரிசெய்த சில நாட்களில் அதே வால்வு மீண்டும் தட்டினால், டேப்பெட்டின் அடிப்பாகமோ கேமின் மேடோ தேய்கிறது என்று பொருள். டயல் கேஜ் வைத்து எட்டு புஷ் ராடுகளும் எவ்வளவு உயர்கின்றன என்று அளந்தால் உண்மை தெரிந்துவிடும். உயரம் சரியாக இருந்தால், கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றி, பக்கவாட்டு மூடிகள் வழியாக டேப்பெட்டை எடுத்துப் பார்க்கலாம். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆயில் தடவிய புது டேப்பெட் தன் எடையிலேயே துளைக்குள் இறங்க வேண்டும். நல்ல பழைய டேப்பெட்டுகளை இடம் மாற்றிப் போடக்கூடாது.

ஒரு புஷ் ராட் மட்டும் குறைவாக உயர்ந்தால் கேம் தேய்ந்துவிட்டது. அப்போது புது டேப்பெட் மட்டும் போடுவது வீண். தேய்ந்த கேம் அதையும் தின்றுவிடும். கேம் ஷாஃப்டையும் எட்டு டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் முதல் 20 நிமிடங்கள் ஐடிலில் விடாமல், சுமார் 2,000 சுற்று வேகத்தில் ஓட்ட வேண்டும். இன்றைய பெட்ரோல் கார் ஆயில்கள் பலவற்றில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் குறைவு. பழைய டேப்பெட்டுக்கு அதுதான் கவசம். அது கூடுதலாக உள்ள ஆயிலைக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எட்டில் எது?" அளந்து பார்த்துப் பதில் சொல்லாத பட்டறையில் வண்டியை விட்டு வராமல் இருப்பதே மேல்.